பாதப் பராமரிப்பு: முதலில் பாருங்கள், அப்புறம் பூசுங்கள்

உள்ளங்காலில் கெட்டியாக ஒரு புள்ளி. மிதித்தால் சுருக்கென்று குத்துகிறது. கால் ஆணி என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். ஆணிக்கான பிளாஸ்டரை வாங்கி ஒட்டுகிறோம், அவ்வப்போது பிளேடால் சீவியும் விடுகிறோம். சில மாதங்களில் பக்கத்திலேயே இன்னும் இரண்டு முளைக்கின்றன. ஆணி இப்படிப் பரவாது. அது மரு, வைரஸால் வருவது. சீவச் சீவ, வைரஸைப் பக்கத்துத் தோலுக்கு நாமே கொண்டு சேர்த்திருக்கிறோம்.

பாதத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை பயப்பட வேண்டியவை அல்ல, வீட்டிலேயே சரிசெய்யக்கூடியவை. ஒன்றைப் போலவே இன்னொன்று தெரிவதுதான் சிக்கல். வறட்சி என்று நினைத்தது பூஞ்சையாக இருக்கும். பூஞ்சை என்று நினைத்தது அடிபட்ட நகமாக இருக்கும். பையன் விளையாட்டுக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்று நினைத்தது குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதியில் வந்த நிஜமான வலியாக இருக்கும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே வரிசைதான்: பார்ப்பது, தொட்டுப் பார்ப்பது, அதற்குப் பிறகு மருந்து.

சர்க்கரை நோய் உள்ளவர்களும், பாதம் மரத்துப்போனவர்களும், காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் கீழே உள்ள சர்க்கரை நோய்ப் பகுதியை முதலில் படித்துவிடுங்கள். மற்றவர்களுக்குச் சொல்லும் சில கைவைத்தியங்கள் உங்களுக்கு ஆகாது.

படி 1: பாதத்தைப் பார்ப்பது

நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒரு காலை மறு தொடை மேல் போட்டுக்கொள்ளுங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன் மேல் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கலாம், அல்லது செல்போனில் ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம். மேல்பக்கம், உள்ளங்கால், குதிகாலின் விளிம்பு, நகங்கள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி இடுக்கையும் பார்க்க வேண்டும். சுண்டுவிரலுக்கும் அதை அடுத்த விரலுக்கும் நடுவில்தான் பலருக்கும் தொல்லை தொடங்குகிறது. இறுக்கமான இடம், காற்று போகாது, துடைக்கும்போதும் மறந்துவிடுவோம்.

அப்புறம் தொட்டுப் பாருங்கள். புறங்கையால் இரண்டு பாதங்களின் சூட்டையும் ஒப்பிடுங்கள். பாதத்தின் மேற்புறம், பெருவிரல் எலும்புக்கும் இரண்டாம் விரல் எலும்புக்கும் நடுவே மேல்நோக்கிப் போனால் ஒரு நாடித்துடிப்பு கிடைக்கும். கணுக்காலின் உள்பக்க முட்டிக்குப் பின்னால் இன்னொன்று உண்டு. மேல்புறத் துடிப்பு சிலருக்கு இயல்பிலேயே அகப்படாது, அதை வைத்து மட்டும் கலவரப்பட வேண்டாம். இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பது பெரும்பாலும் பழக்கத்தாலோ உடலமைப்பாலோ வந்ததாக இருக்கும். ஒன்றில் மட்டும் சூடு, வீக்கம், நிறமாற்றம் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வாரம் ஒரு முறை போதும். குழந்தைகளுக்கு நகம் வெட்டும் நாளில் பார்த்துவிடலாம். சர்க்கரை நோய் இருந்தால் தினமும்.

படி 2: கழுவுவதை விடத் துடைப்பது முக்கியம்

உள்ளங்காலில் எண்ணெய் சுரப்பிகளே கிடையாது. வியர்வைச் சுரப்பிகளோ உடலிலேயே மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. ஒரே பாதத்தில் குதிகால் காய்ந்து வெடிப்பதும் விரலிடுக்கு ஊறிப் புண்ணாவதும் சேர்ந்தே நடப்பது இதனால்தான். ஆகவே பராமரிப்பும் இடத்துக்கு இடம் மாறும். குதிகாலுக்கு ஈரப்பதம் வேண்டும், விரலிடுக்குக்கு வேண்டவே வேண்டாம்.

வெதுவெதுப்பான தண்ணீரும் சாதாரண சோப்பும் போதும். கழுவிய பிறகு துண்டின் முனையை ஒவ்வொரு விரலிடுக்கிலும் விட்டு ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், ஏற்கெனவே ஊறிய தோல் கிழிந்துவிடும். தோலில் இன்னும் லேசான ஈரம் இருக்கும்போதே உள்ளங்காலிலும் மேல்புறத்திலும் க்ரீம் தடவுங்கள், விரலிடுக்கை விட்டுவிடுங்கள். தினசரிப் பராமரிப்பு என்றால் இவ்வளவுதான். மீதி எல்லாம் ஏதாவது வந்தபின் செய்ய வேண்டியவை.

படி 3: நகம்

குளித்த பிறகு நகம் மெத்தென்றிருக்கும், அப்போது வெட்டுங்கள். நேராக வெட்ட வேண்டும். விரலின் வளைவுக்கு ஏற்ற மாதிரி ஓரங்களை உள்ளே தோண்டி வெட்டுவதுதான் நகம் சதைக்குள் வளர்வதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. ஒட்ட வெட்டாமல் 1 அல்லது 2 மில்லிமீட்டர் வெள்ளை விளிம்பு விடுங்கள். கூர்மையான முனைகளை அரத்தால் லேசாக மழுக்கினால் போதும். வயதானவர்களின் தடித்த நகத்தை ஒரே வெட்டில் முடிக்கப் பார்க்காதீர்கள். வாரம் ஒரு தடவை அரத்தால் மேலாகத் தேய்த்து மெலிதாக்கிக்கொண்டே வாருங்கள். நகவெட்டி ஆளுக்கு ஒன்று இருக்கட்டும்.

நகம் சதைக்குள் ஏறத் தொடங்கினால் முதலில் ஓரம் சிவந்து தொட்டால் வலிக்கும், அவ்வளவுதான். இந்தக் கட்டத்தில் தினம் இரண்டு மூன்று முறை வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் காலை வைத்து, ஓரத்துச் சதையை நகத்திலிருந்து விலகும்படி மெல்லக் கீழ்நோக்கி நீவிவிடுங்கள். முன்பக்கம் அகன்ற செருப்பைப் போடுங்கள். வலிக்கும் மூலையை வெட்டி எடுத்தால் உடனே சுகம் கிடைக்கும். ஆனால் உள்ளே விட்டுப்போன ஒரு சின்ன நகச்சில் அடுத்த மாதம் அதே இடத்தில் இன்னும் ஆழமாகக் குத்தும். நகத்தின் நடுவில் ‘வி’ வடிவில் வெட்டினால் ஓரங்கள் நடுநோக்கி இழுபடும் என்பதும் வெறும் நம்பிக்கைதான். நகம் வேரிலிருந்து முன்னோக்கி மட்டுமே வளர்கிறது, நுனியில் செய்யும் வெட்டு அதன் அகலத்தை மாற்றாது. சீழ் பிடித்துவிட்டாலோ, ஓரத்தில் சிவப்பாகச் சதை பொங்கி வளர்ந்தாலோ மருத்துவர் அந்த ஓரத் துண்டை மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்துவிடுவார். திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு அந்த ஓரத்து வேரை ஃபீனால் என்ற வேதிப்பொருளை வைத்துச் செயலிழக்கச் செய்வதும் உண்டு. சின்ன சிகிச்சைதான். மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

மஞ்சளாகத் தடித்து உதிரும் நகத்தைப் பார்த்ததும் பூஞ்சை என்று மாத்திரை கேட்காதீர்கள். அப்படித் தோன்றும் நகங்களில் ஏறத்தாழப் பாதிதான் பூஞ்சையால் வந்தவை. மற்றவை ஷூ இடித்ததாலோ, சொரியாசிஸ் என்ற தோல் நோயாலோ, வயதாலோ வந்தவை. நகத்துண்டைப் பரிசோதனைக்குக் கொடுத்து உறுதிசெய்த பிறகே மாத்திரை. பெரும்பாலும் டெர்பினாஃபின், கால் நகத்துக்கு 12 வாரம். கால் பெருவிரல் நகம் முழுக்கப் புதிதாக வளர ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் ஆகும். அதனால் மருந்து வேலை செய்திருந்தாலும் பழைய நகம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டேதான் இருக்கும். அடியில் புதிதாக வரும் பகுதி தெளிவாக வருகிறதா என்று பாருங்கள்.

நகத்தடியில் கறுப்பு தெரிந்தால் பெரும்பாலும் அடிபட்டுக் கட்டிய ரத்தம்தான். அது நகத்தோடு சேர்ந்து முன்னே நகரும். நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் கறுப்பு, நீளவாட்டில் அகன்றுகொண்டே போகும் கோடு, நகத்தைத் தாண்டித் தோலுக்கும் பரவும் நிறம் இவற்றைத் தோல் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டறியப்பட்டது மெலனோமா என்ற தோல் புற்றுநோய். 1981-ல், 36 வயதில் அவர் அதனால் இறந்தார். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வருவது அபூர்வம். வந்தால் உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் அதிகம் வருகிறது.

தோல்: வெடிப்பு, சேற்றுப்புண், நாற்றம்

பித்தவெடிப்புக்குச் சிகிச்சை பொறுமைதான். குதிகாலில் தோல் தடித்து, உலர்ந்து, உடல் எடை மேலே அழுத்தும்போது பக்கவாட்டில் விரியத் தெரியாமல் பிளக்கிறது. பின்பக்கம் திறந்த செருப்பு, கடினமான தரையில் நெடுநேரம் நிற்பது, உடல் பருமன், தைராய்டு குறைபாடு எல்லாம் இதைக் கூட்டும். இரவில் 10 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் காலை வையுங்கள். நுரைக்கல்லால் ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். ஒரே நாளில் வழவழப்பாக்கிவிட நினைத்து இளந்தோல் வரை தேய்த்தால் தோல் இன்னும் தடிப்பாக வளரும். பிறகு யூரியா கலந்த க்ரீம் தடவுங்கள். சாதாரண வறட்சிக்கு 10 சதவீதம், தடித்த குதிகாலுக்கு 20 அல்லது 25 சதவீதம். அதன் மேல் பெட்ரோலியம் ஜெல்லியைப் பூசி சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்குங்கள். தேய்ப்பது வாரம் இரண்டு முறை போதும், க்ரீம் தினமும் வேண்டும். இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். ரத்தம் கசியும் ஆழமான பிளவில் யூரியா எரியும், அது மூடும் வரை வெறும் ஜெல்லி மட்டும் போதும்.

இரண்டு மாதம் ஒழுங்காகத் தடவியும் மாறவில்லையா? அல்லது உள்ளங்கால் முழுக்க மாவு தூவினாற்போல் வெளுத்து, பாதத்தின் ஓரம் வரை செதில் செதிலாக உரிகிறதா? அது வறட்சியாக இல்லாமல் உள்ளங்காலில் பரவும் பூஞ்சையாக இருக்கலாம். இந்த வகையில் அரிப்பு அதிகம் இருக்காது, அதனால்தான் வருடக்கணக்கில் க்ரீம் மட்டும் தடவிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

விரலிடுக்கில் பூஞ்சையால் வரும் சேற்றுப்புண்ணை அடையாளம் காண்பது சுலபம். தோல் வெளுத்து ஊறி, உரிந்து, அரிக்கும், லேசாக வாடையும் வரும். க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை க்ரீமை தினம் இரண்டு முறை, புண் தெரியும் இடத்தைத் தாண்டி சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் வரை தடவுங்கள். மூன்று நாளில் அரிப்பு நின்றுவிடும், பாதிப்பேர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக்கூடாது. தோல் முழுக்கச் சரியான பிறகும் ஒரு வாரமாவது தொடர வேண்டும், மொத்தம் நான்கு வாரம் வரை ஆகலாம். டெர்பினாஃபின் க்ரீம் என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் முடிந்துவிடும்.

ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் ஒரே ட்யூபில் கலந்த க்ரீம்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும், பூஞ்சை அடியில் நிம்மதியாகப் பரவும். பிறகு அதன் அடையாளமே மாறிப்போய் தோல் மருத்துவருக்கே கண்டுபிடிப்பது சிரமமாகிவிடும்.

இன்னொரு சின்ன விஷயம்: சேற்றுப்புண் இருக்கும்போது சாக்ஸை முதலில் போட்டுக்கொண்டு, அப்புறம் ஜட்டி போடுங்கள். இல்லையென்றால் ஜட்டி கால் வழியாக ஏறும்போது விரலிடுக்குப் பூஞ்சையைத் தொடை இடுக்குக்குக் கொண்டுபோய்விடும். பாதத்தைத் துடைக்கத் தனித் துண்டு வேண்டும். சாக்ஸை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் நல்லது.

கால் நாற்றம் வியர்வையின் குற்றமில்லை. வியர்வையையும் இறந்த தோலையும் பாக்டீரியா சிதைக்கும்போதுதான் வாடை வருகிறது. ஒரே ஷூவைத் தினமும் போடாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றுங்கள், உள்ளே காய நேரம் கிடைக்கும். நாற்றத்தோடு உள்ளங்காலில் ஊசியால் குத்தினாற்போல் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால் அது ஒரு பாக்டீரியாத் தொற்று. பவுடர் போட்டுத் தீராது, மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக் பூச்சில் சீக்கிரமே போய்விடும்.

புது ஷூ கடித்து வந்த கொப்புளத்தை உடைக்காமல் மூடி வைத்தால் தானாக வற்றும். நடக்கவே முடியாத அளவு பெரிதாக இருந்தால் மட்டும், கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்துவிட்டு, மேல்தோலை அப்படியே விட்டுக் கட்டுப்போடுங்கள். அந்தத் தோலை விடச் சிறந்த பேண்டேஜ் கிடையாது.

ஆணியா, காய்ப்பா, மருவா?

வெந்நீரில் ஊறவைத்த பிறகு, வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். கைரேகை போலப் பாதத்திலும் கோடுகள் இருக்கும். காய்ப்பில் அந்தக் கோடுகள் தடையில்லாமல் மேலேயே ஓடும், பரந்த தடிப்பாக இருக்கும், அதிகம் வலிக்காது. ஆணி சின்னதாக, வட்டமாக, நடுவில் கண்ணாடி போன்ற ஒரு கெட்டியான மையத்தோடு இருக்கும். அதை நேராக அமுக்கினால் உயிர் போகும். மருவில் கோடுகள் விளிம்போடு நின்று சுற்றிக்கொண்டு போகும். உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரியலாம், அவை அடைபட்ட நுண் ரத்தக்குழாய்கள். நேராக அமுக்குவதை விட இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளும்போது அதிகம் வலித்தால் மரு என்று சந்தேகப்படலாம். ஆணியும் காய்ப்பும் எலும்பு அழுத்தும் இடத்தில்தான் வரும். மரு எங்கு வேண்டுமானாலும் வரும்.

ஆணிக்கும் காய்ப்புக்கும் காரணம் அழுத்தம். எத்தனை முறை எடுத்தாலும் அதே ஷூ இருக்கும் வரை திரும்ப வரும். முதலில் ஷூவை மாற்றுங்கள், நுரைக்கல், யூரியா, விரல்களுக்கு நடுவே சிலிக்கான் திண்டு எல்லாம் அதற்குப் பிறகு. பிளேடு வேண்டாம்.

மருவுக்கு சாலிசிலிக் அமிலம். ஊறவைத்து, மேல் தோலைத் தேய்த்து, சுற்றியுள்ள நல்ல தோலில் பெட்ரோலியம் ஜெல்லி பூசி மறைத்துவிட்டு, மரு மேல் மட்டும் மருந்து. தினமும், மூன்று மாதம் வரை. தேய்த்த அரத்தை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். குழந்தைகளுக்கு வலி இல்லாத மரு என்றால் ஒன்றும் செய்யாமல் விடுவதும் நியாயமான முடிவுதான். பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் உடலே அதை விரட்டிவிடும்.

வலி

காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடி குதிகாலில் குத்துகிறது, பத்திருபது அடி நடந்தால் தணிகிறது, நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி குத்துகிறது. இப்படியென்றால் குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஓடும் தசைநார்ப் பட்டை பாதிக்கப்பட்டிருக்கிறது. எக்ஸ்ரேயில் குதிகாலில் எலும்பு முள் தெரிந்தால் எல்லோரும் அதன் மேல் பழியைப் போடுகிறார்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது. அதை வெட்டி எடுப்பதால் வலி போகும் என்று எதிர்பார்க்க முடியாது.

செய்ய வேண்டியது: படுக்கையில் இருந்து இறங்கும் முன், வலிக்கும் காலை மறு தொடை மேல் போட்டு, ஒரு கையால் விரல்களைப் பிடித்து முழங்காலை நோக்கி மடக்குங்கள். மறு கை விரலால் உள்ளங்காலைத் தொட்டால் பட்டை நரம்பு போல் விறைத்திருப்பது தெரியும். 10 விநாடி பிடித்து விடுங்கள், 10 முறை. தினம் மூன்று வேளை. கூடவே சுவரைப் பிடித்து நின்று, பின்காலின் குதிகாலைத் தரையில் பதித்துக் கெண்டைக்காலை 30 விநாடி நீட்டுங்கள். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்தடியில் 10 நிமிடம் உருட்டினால் வலி குறையும். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் சரியாகும், ஒரு வருடம் வரை இழுப்பதும் உண்டு. ஸ்டீராய்டு ஊசி கொஞ்ச நாள் நிவாரணம் தரும், அடிக்கடி போட்டால் அந்தப் பட்டையே அறுந்துவிடும் அபாயம் இருக்கிறது.

நடுராத்திரி பெருவிரலின் அடிமூட்டு திடீரென்று சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடத் தாங்காத வலி வந்தால் கௌட் எனப்படும் யூரிக் அமில வாதமாக இருக்கலாம். மூன்றாம், நான்காம் விரல்களுக்கு நடுவே கூழாங்கல்லை மிதிப்பது போன்ற உணர்வும் விரல்களில் மின்னலும் வந்தால் நரம்பு அழுந்துகிறது, அகலமான ஷூவுக்கு மாறிப் பாருங்கள். இரண்டு பாதங்களும் ராத்திரியில் திகுதிகுவென்று எரிந்தால் ரத்தச் சர்க்கரையையும் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது தெரிந்த விஷயம்.

கணுக்கால் பிசகினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: நான்கு அடி வைக்க முடிகிறதா? முடியவில்லை என்றாலோ, கணுக்கால் முட்டி எலும்பின் பின்விளிம்பை அமுக்கும்போது வலித்தாலோ எக்ஸ்ரே தேவை. இல்லையென்றால் துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், எலாஸ்டிக் கட்டு, காலை உயர்த்தி வைப்பது. முதல் இரண்டு நாள் சூடு வைத்துத் தேய்த்துவிடுவது வேண்டாம், வீக்கம் கூடும். சுளுக்கு எடுக்கிறேன் என்று யாராவது முறுக்க வந்தால் காலைக் கொடுக்காதீர்கள்.

செருப்பும் ஷூவும்

சாயங்காலத்தில் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்து பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும், அதுதான் நிஜ அளவு. பெரும்பாலோருக்கு ஒரு பாதம் மற்றதை விடச் சற்றுப் பெரிது, பெரியதற்குத்தான் வாங்க வேண்டும். நின்றபடி, நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும்.

நீளம் சரியாக இருந்தும் அகலம் போதாமல் இருப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஒரு காகிதத்தின் மேல் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் மேல் ஷூவை வையுங்கள். கோடு இரண்டு பக்கமும் பிதுங்கி வெளியே தெரிந்தால், உங்கள் விரல்கள் தினமும் அந்த அளவு நசுங்குகின்றன. ‘போடப் போட லூசாகிவிடும்’ என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். பெருவிரல் மற்ற விரல்கள் பக்கமாகச் சாய்ந்து அடிமூட்டு துருத்துவதற்கு உடலமைப்பும் பரம்பரையும் காரணம்தான். முனை குறுகிய ஷூ அதை வேகப்படுத்தும், வலியையும் கூட்டும்.

ஷூவை இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் அது பாதத்தைத் தாங்காது. கர்ப்ப காலத்தில் பாதம் கொஞ்சம் நீண்டு அகலமாகலாம், பிரசவத்துக்குப் பிறகு அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. பழைய ஷூக்களுக்குள் காலைத் திணிக்காதீர்கள்.

குழந்தைகள்

வீட்டுக்குள் தவழும், நடை பழகும் குழந்தைக்கு வெறுங்கால்தான் சரி. விரல்களால் தரையைப் பற்றித்தான் சமநிலை பழகுகிறது. வெளியே நடக்க ஆரம்பித்த பிறகு ஷூ வாங்கினால் போதும். மூன்று வயது வரை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளவு பார்க்க வேண்டும். குழந்தை தானாக ‘கடிக்குது’ என்று சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம். அதன் பாதம் அவ்வளவு மிருதுவானது, இறுக்கமான ஷூவிலும் வலிக்காமல் மடங்கிக்கொள்ளும். ஷூவின் உள்ளே இருக்கும் அட்டையை வெளியே எடுத்து, அதன் மேல் குழந்தையை நிற்க வையுங்கள். முன்னால் ஒரு சென்டிமீட்டராவது மிச்சம் தெரிய வேண்டும்.

பாதம் தட்டையாக இருக்கிறதே என்ற கவலைதான் பெற்றோரிடம் அதிகம். ஐந்தாறு வயது வரை அது இயல்பு. கொழுப்புத் திண்டு வளைவை மறைத்திருக்கும், மூட்டுகளும் தளர்வாக இருக்கும். நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். வளைவு தோன்றினால், வலியும் இல்லையென்றால், ஒன்றும் செய்ய வேண்டாம். விசேஷ ஷூவும் திண்டும் வளைவை உருவாக்குவதில்லை, பணம்தான் செலவு. நுனிக்காலில் நின்றும் வளைவு வராமல் பாதம் விறைப்பாக இருந்தாலோ, வலி இருந்தாலோ காட்டுங்கள். பாதம் உள்பக்கம் திரும்பி நடப்பதும் பெரும்பாலும் எட்டு வயதுக்குள் நேராகிவிடும். மூன்று வயதுக்குப் பிறகும் எப்போதும் நுனிக்காலிலேயே நடக்கும் குழந்தையை மட்டும் மருத்துவர் பார்க்கட்டும்.

எட்டிலிருந்து பதினாலு வயதுக்குள், ஓடி விளையாடும் பிள்ளை குதிகால் வலிக்கிறது என்றால் நம்புங்கள். குதிகாலின் பின்புறத்தை இரண்டு பக்கமும் பிடித்து அமுக்கினால் வலிக்கும். அங்கே இன்னும் குருத்தெலும்பாக இருக்கும் வளர்ச்சித் தட்டை குதிகால் தசைநார் இழுப்பதால் வருவது. ஆட்டத்தைக் குறைத்து, கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி செய்து, ஷூவில் குதிகால் திண்டு வைத்தால் அடங்கும். எலும்பு வளர்ந்து முடிந்ததும் நிரந்தரமாகப் போய்விடும்.

பள்ளிப்பிள்ளைகளின் முன்பாதத்தில் தோல் பளபளவென்று சிவந்து வெடித்திருந்தால் பூஞ்சை மருந்து பூசும் முன் விரலிடுக்கைப் பாருங்கள். இடுக்கு சுத்தமாக இருந்தால் அது பெரும்பாலும் காற்றுப் போகாத ஷூவுக்குள் வியர்த்துக் காய்வதால் வரும் தோல் அழற்சி. பெட்ரோலியம் ஜெல்லியும் காற்றோட்டமான ஷூவும்தான் அதற்கு மருந்து.

கைக்குழந்தை காரணமே தெரியாமல் அழுதுகொண்டே இருந்தால் சாக்ஸைக் கழற்றிக் கால் விரல்களைப் பாருங்கள். ஒரு தலைமுடியோ நூலோ விரலைச் சுற்றி இறுகியிருக்கலாம். விரல் வீங்கிச் சிவந்திருக்கும், முடி சதைக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாது. எடுக்க முடியவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. சாக்ஸை வெளிப்புறம் புரட்டித் துவைத்தால் உள்ளே சிக்கிய முடிகள் தெரியும்.

சர்க்கரை நோய் இருந்தால்

தொழுநோயாளிகளின் கைகால்களை ஆராய்ந்த மருத்துவர் பால் பிராண்ட், அவர்களின் விரல்கள் தானாக அழுகிப் போவதில்லை, வலி தெரியாததால்தான் காயப்பட்டுக் காயப்பட்டு அழிகின்றன என்று காட்டினார். சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் அதே கதைதான். ஷூவுக்குள் ஒரு கல் கிடந்தால் மற்றவர்கள் பத்து அடிக்குள் நின்றுவிடுவார்கள். உணர்வு போனவர் அதோடு நாள் முழுக்க நடப்பார்.

உணர்வைச் சோதிக்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு கால்களிலும், வரிசை மாற்றி மாற்றி ஒன்றிரண்டு விநாடி விரல் நுனியால் லேசாகத் தொடட்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டது தெரியும்போது வலது, இடது என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்வு குறைந்திருக்கிறது, மருத்துவரிடம் சொல்லுங்கள். இது வருடாந்தரப் பரிசோதனைக்கு மாற்று ஆகாது. அங்கே 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் சோதிப்பார்கள், நாடியும் பார்ப்பார்கள்.

உணர்வு குறைந்தவர்களுக்கு விதிகள் கண்டிப்பானவை. வீட்டுக்குள்ளும் வெறுங்கால் கூடாது. வெந்நீரில் ஊறவைப்பது, ஹீட்டிங் பேட், ஆணி பிளாஸ்டர், சாலிசிலிக் அமிலம், பிளேடு எதுவும் கூடாது. தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். ஷூ போடும் முன் ஒவ்வொரு முறையும் உள்ளே கைவிட்டுத் துழாவுங்கள். எந்தக் காயமும், வலிக்காவிட்டாலும், ஒரு நாளுக்குள் மருத்துவர் பார்க்க வேண்டும். வலிக்கவில்லை என்பது இங்கே நல்ல செய்தி அல்ல.

ஒரு பாதம் மட்டும் திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்கி, காயம் எதுவும் இல்லாமல் இருந்தால் நடப்பதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். எலும்புகள் உள்ளே நொறுங்கத் தொடங்கும் சார்க்கோ பாதமாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேகூடச் சரியாகவே தெரியலாம். ‘சுளுக்குதான்’ என்று நடந்தால் பாதத்தின் வடிவமே குலைந்துவிடும்.

எப்போது காத்திருக்கக் கூடாது

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே பார்க்க வேண்டும், மூச்சும் திணறினால் அவசர சிகிச்சை. பாதம் சில்லிட்டு வெளுத்து அல்லது நீலம் பாரித்துக் கடுமையாக வலித்தால் மணிக்கணக்குதான் அவகாசம். புண்ணிலிருந்து சிவப்பு மேல்நோக்கிப் பரவிக் காய்ச்சலும் வந்தால், குழந்தை காய்ச்சலோடு நொண்டினால், கர்ப்பிணிக்குத் தலைவலியோடு பாதமும் முகமும் திடீரென்று வீங்கினால், இவையும் அன்றே. இரும்பு ஆணி குத்தினால் கழுவிவிட்டு டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள். அழுக்கான காயம் என்றால் ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும். ரப்பர் அடி ஷூவைத் துளைத்துக்கொண்டு குத்தியிருந்தால், காயம் ஆறியதுபோல் இருந்து சில நாள் கழித்து வலி திரும்பினாலும் காட்டுங்கள், எலும்பு வரை தொற்று போயிருக்கலாம்.

பாதத் தொல்லைக்காக மருத்துவரிடம் போகும்போது நகப்பூச்சை எடுத்துவிட்டுப் போங்கள். இதுவரை பூசிய ட்யூப்களைக் கொண்டு போங்கள், பெயர் நினைவிருக்காது. புதிதாக வாங்கி வைத்திருக்கும் நல்ல செருப்பை விட்டுவிட்டு, தினமும் போட்டுத் தேய்ந்த பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கள். அதன் அடிப்பாகத்தில் எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று அவர் பார்ப்பார்.